அபிகாயிலின் மின்னல் போன இடம்

அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? அடுப்பை அணைத்து, நம்மை நாமே திட்டிக்கொண்டு துடைப்போம். அபிகாயில் துடைக்க மாட்டாள். வழிந்தது எவ்வளவு, பாத்திரத்தில் மிச்சம் எவ்வளவு, இரண்டையும் கூட்டினால் ஊற்றின பால் வருகிறதா, வராவிட்டால் மீதி எங்கே போயிற்று என்று குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். அதற்குள் வழிந்த பால் காய்ந்து ஒட்டிப்போகும். அதைச் சுரண்டுவது அவள் கணவன் ஜாபேஸின் வேலை. திருப்பதியில் ஒரு ஓட்டலின் வரவேற்பு மேசையில் பகலெல்லாம் சிரித்துவிட்டு வரும் மனிதன், வீட்டுக்கு வந்து அடுப்பைச் சுரண்டுவான்.

"எங்க வூட்டுல காணாம போற ஒரே பொருள் என் பொண்டாட்டிதான் மேடம். அத மட்டும் யாரும் தேடறதில்ல," என்று என்னிடம் ஒருமுறை சொன்னான்.

தேட என்ன இருக்கிறது? அவள் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில்தான் இருப்பாள். வடமாலபேட்டைக்குச் சற்று முன்னால், சென்னை ரோட்டை ஒட்டி இருக்கிறது அந்த இன்ஜினியரிங் கல்லூரி. பெயர் வேண்டாம், அட்மிஷன் நேரம். அவள் அங்கே பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறாள், நான் கணக்கு. இருவரும் திருப்பதியிலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறோம். போகும்போதும் வரும்போதும் அவள் பேசுவது ஒன்றே ஒன்றைப் பற்றித்தான் என்பதால், எனக்குப் பௌதிகத்தில் அரைப் பட்டமாவது கொடுத்துவிடலாம்.

அவள் பிறந்தது சித்தூரில், பழைய மிஷன் சர்ச்சுக்குப் பின்தெருவில். அப்பா சுந்தர்சிங் அந்தச் சர்ச்சின் மைக் பொறுப்பாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்க, ஒலிபெருக்கியில் 'ஙொய்' என்று ஓர் இரைச்சல் வந்துகொண்டே இருந்திருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க நம் அம்மணி பாவாடையைச் சுருட்டிக்கொண்டு பிரசங்க மேடைக்கு அடியில் ஊர்ந்துபோய் ஒரு வயரைப் பிடுங்கிவிட்டாள். இரைச்சலும் போயிற்று, பிரசங்கமும் போயிற்று. போதகர் வாய் மட்டும் அசைய, அன்றைக்குத்தான் சபை முழுவதும் விழித்திருந்ததாம். வீட்டில் விழுந்த அடியைப் பற்றி அபிகாயில் கவலைப்படவில்லை. இரைச்சல் அந்த வயரில்தான் இருந்தது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு அது போதும்.

அந்தக் குணம்தான் வளர்ந்து முனைவர் பட்ட ஆராய்ச்சி ஆகியிருக்கிறது. உயர் அழுத்த மின்சுருள்களில் சக்தி எங்கெங்கே வீணாகிறது என்பது தலைப்பு. அதற்காக அவளே ஒரு டெஸ்லா சுருள் கட்டினாள். மேசை உயர மரப்பெட்டி. அதன்மேல் ஏ.சி. மெஷினுக்குப் போடும் செம்புக் குழாயைத் தட்டையாக, ஜாங்கிரி பிழிந்ததுபோல் சுற்றிவைத்திருப்பாள். நடுவில் ஆள் உயர பிளாஸ்டிக் குழாய், அதன்மேல் தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பி நெருக்கி நெருக்கிச் சுற்றியிருக்கும். உச்சியில் அலுமினிய வளையம். கீழ்ச் சுருளில் மின்சாரத்தைத் துடிக்கவிட்டால், மேல் சுருளும் அதே தாளத்தில் துடித்து, வோல்டேஜ் எகிறி, உச்சியிலிருந்து ஊதா நிறத்தில் மின்னல் பாயும்.

"மணி மாதிரிதான்," என்று பஸ்ஸில் சொல்லிக்கொடுத்தாள். "வெண்கல மணிய ஒரு தட்டு தட்னா ரொம்ப நேரம் கணகணன்னு கேக்கும் இல்ல? யாராவது புடிச்சிகினா டப்புனு அடங்கிடும். என் மணிய யாரு புடிக்கறாங்கன்னு கண்டுபுடிக்கறதுதான் என் வேலை."

அந்த மணியை யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் கதை.

அவள் தனியாகச் சுருளை ஓட்டினால் மின்னல் இரண்டு முழத்துக்குப் பாயும். நான் பார்த்திருக்கிறேன், பார்த்து நாற்காலியோடு பின்னால் போயிருக்கிறேன். ஆனால் யாராவது பெரிய மனிதர் வந்தால் போதும், அதே சுருள், அதே சுவிட்ச், உச்சியில் ஊதுபத்தி முனைபோல் ஒரு பொட்டு நெருப்பு. கூடவே ஒரு முனகல். திறப்பு விழாவில் அப்படி ஆயிற்று. ஐதராபாத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தபோது அப்படி ஆயிற்று. பெற்றோர் தினத்தன்று ஒரு தகப்பனார், "இதுக்கா இத்தினி வயரு?" என்று வாய்விட்டே கேட்டார்.

கல்லூரி முழுக்க வைத்தியம் சொன்னது. எலக்ட்ரீஷியன் திருஷ்டி என்றார். வாசலில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் தொங்கின. சித்தூரிலிருந்து அபிகாயிலின் அம்மா மேரி, சுருளுக்காகவே உபவாச ஜெபம் வைத்தார். நான் என் பங்குக்கு, மெஷினுக்கு மேடைக்கூச்சம் என்றேன். அபிகாயில் யாரையும் கோபிக்கவில்லை. எர்த் குழியைத் தோண்டிக் கரியும் உப்பும் போட்டாள். கெப்பாசிட்டர்களை மாற்றினாள். கம்பியை ஒருமுறை முழுக்கப் பிரித்துத் திரும்பச் சுற்றினாள். ஒவ்வொரு தடவையும் தனியாக ஓட்டிப் பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் அது இரண்டு முழம் பாய்ந்து அவளைக் கேலி செய்தது.

இந்த இடத்தில் எங்கள் கரஸ்பாண்டெண்ட் கோவர்த்தனன் சாரை அறிமுகம் செய்தாக வேண்டும். நகரிப் பக்கத்துக்காரர், தறிக் குடும்பம். அப்பா நெய்தார், இவர் கல்லூரி கட்டினார். ஆள் நல்லவர். ஒரே வியாதி, சன்மானம். எங்கள் ஜில்லாவில் ஆளைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்துவதற்கு அதுதான் பெயர். பியூன் பென்ஷனில் போனாலும் சால்வை, வாலிபாலில் தோற்றாலும் சால்வை. அதுவும் லேசுப்பட்ட சால்வையில்லை. சொந்தக்காரர் தறியில் சொல்லிச் செய்த பட்டு, கரையில் அசல் வெள்ளி ஜரிகை. "டூப்ளிகேட் ஜரிகை போர்த்தறதும் ஒண்ணு, மூஞ்சிமேல துப்பறதும் ஒண்ணு," என்பார்.

ஆய்வுக்கூடத் திறப்பு விழாவுக்கு வருவதாக இருந்த தலைமை விருந்தினர் கடைசி நேரத்தில் வரவில்லை. போர்த்த எடுத்த சால்வையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்பது கோவர்த்தனன் சார் வீட்டு வழக்கம். சுற்றுமுற்றும் பார்த்தார். சுருள் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. அதன் மரப்பெட்டியைச் சுற்றிச் சால்வையைப் போர்த்திவிட்டார். எல்லோரும் கைதட்டினோம். போட்டோ எடுத்தார்கள். கல்லூரி மலரில் அது வந்தது: சால்வையோடு சுருள், பக்கத்தில் சிரித்தபடி கோவர்த்தனன் சார், ஓரத்தில் ஒரு முழங்கை. அந்த முழங்கைதான் அபிகாயில்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் சுருளுக்குச் சால்வை என்பது கல்லூரி மரபு ஆகிவிட்டது. விழா முடிந்ததும் அட்டெண்டர் செங்கம்மா அதை மடித்து, அந்துருண்டை போட்டு பீரோவில் பூட்டிவிடுவாள்.

கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எங்களுக்கு விளங்கவில்லை. தினம் பார்க்கிற மரியாதையை யார் சந்தேகப்படுவார்கள்?

போன வேனிற்காலத்தில் கோவர்த்தனன் சார் அபிகாயிலைக் கூப்பிட்டனுப்பினார். நானும் துணைக்குப் போனேன்.

"மேடம், வர மாசம் இன்ஸ்பெக்சன் கமிட்டி வராங்க. அவுங்க எதிர்ல மின்னல் வந்துச்சுன்னா அந்த ரூமு உங்களுது. வரலைன்னா, தப்பா நினைக்காதீங்க, ஏ.ஐ. லேபுக்கு விட்டுடறேன். பசங்க அதத்தான் கேக்கறாங்க. மெஷின ஸ்டோர் ரூமுல பத்திரமா வெச்சிக்கலாம்."

ஸ்டோர் ரூமின் கூரை அவள் சுருளைவிடத் தாழ்வு. அங்கே போனால் சுருளைப் படுக்கத்தான் வைக்க வேண்டும். ஆராய்ச்சியும் கூடவே படுத்துவிடும். வெளியே வந்ததும் அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, ஆகவே திட்டினேன்.

"அழுவுறதுக்கு நேரமா இது? ஆளுங்க வந்தா வேலை செய்யல, வரலைன்னா செய்யுது. அப்ப ஆளுங்கள வரவெச்சுப் பாரு."

அவள் அப்படியே நின்றாள். "பெரிய மனுஷங்க வராப்ல ஒரு ஒத்திகை. எல்லாம் அப்படியே இருக்கணும். அப்பறம் ஒவ்வொண்ணா எடுத்துகினே வரணும். நீ சேர்மன்."

எனக்குச் சேர்மன் பதவி மிகவும் பொருந்தியது. மறுநாள் மதியம் மெத்தை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். பின்னால் இரண்டு வரிசை மாணவர்கள். ஏ.சி. ஓடியது, குத்துவிளக்கு எரிந்தது, வாசலில் ஒரு பெண் எல்லோர்மேலும் பன்னீர் தெளித்தாள். நான் நடுநடுவே கொட்டாவி விட்டு வாட்சைப் பார்த்தேன். கமிட்டி என்றால் அதுவும் வேண்டுமே. இதையெல்லாம் பார்த்த செங்கம்மா, யாரும் சொல்லாமலே பீரோவைத் திறந்து சால்வையைக் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றிப் போர்த்தினாள். வழக்கம்போல், நழுவாமல் இருக்க இரண்டு முனையையும் சேர்த்து, கரையோடு கரையாக ஒரு ஊக்குக் குத்தினாள்.

அபிகாயில் சுவிட்சைப் போட்டாள். முனகல். ஊதுபத்திப் பொட்டு.

இத்தனை நாளில் அந்தத் தோல்வியைப் பார்த்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான். "வந்துட்டான் பாரு! திருடன் இந்த ரூமுலதான் கீறான்!"

மாணவர்களை வெளியே அனுப்பினாள். சுவிட்ச். பொட்டு. ஏ.சி.யை நிறுத்தினாள். பொட்டு. விளக்கை அணைத்தாள், பன்னீரைத் துடைத்தாள், மெத்தை நாற்காலியைத் தூக்கினாள். பொட்டு, பொட்டு, பொட்டு. கடைசியில் சேர்மனையும் வெளியே தள்ளிக் கதவருகே நிற்கச் சொன்னாள். அப்போதும் அதே பொட்டுத்தான். அறையில் சுருளும் அவளும் செங்கம்மாவும் சால்வையும் மட்டுமே மிச்சம்.

"செங்கம்மா, அந்தச் சால்வைய எடுத்துடுங்க."

செங்கம்மா மார்பில் கை வைத்தாள். "இன்னா மேடம் நீங்க? ஃபங்சன் முடியறதுக்குள்ள போத்துனத உருவுறதா? மேடைய விட்டு எறங்கற வரிக்கும் சால்வைய கழட்டக் கூடாது. மெஷினா இருந்தா மட்டும் மானம் இல்லியா?"

"ஃபங்சன் முடிஞ்சுபோச்சு."

"யாரும் நன்றி சொல்லலியே."

நான் கதவருகே நின்றபடியே நன்றியுரை ஆற்றினேன். வந்திருந்த அனைவருக்கும், வராதவர்களுக்கும், பன்னீருக்கும் நன்றி சொன்னேன். செங்கம்மா திருப்தியாகி ஊக்கைக் கழற்றக் கை வைத்தவள், "அய்யய்யோ!" என்று விரலை உதறினாள். ஊக்கு கொதித்துக்கொண்டிருந்தது. ஜரிகைக் கரை இஸ்திரி போட்டதுபோல் சுட்டது. ஊக்குக் குத்திய இடத்தில் பட்டு லேசாகக் கருகியிருந்தது.

அபிகாயில் சால்வையை இடுக்கியால் உருவி எறிந்துவிட்டு சுவிட்சைப் போட்டாள். மின்னல் இரண்டு முழம் பாய்ந்து எதிரே நட்டிருந்த எர்த் கம்பியைக் கடித்தது. செங்கம்மா "கோவிந்தா!" என்று கத்த, அபிகாயில் "ஸ்தோத்திரம்!" என்று கத்த, நான் எந்தப் பக்கமும் சேராமல் வெறுமனே கத்தினேன்.

பிறகு அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஜரிகைக் கரையின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தாள். மீட்டர் 'கீச்' என்று கத்தியது. அசல் வெள்ளி, மின்சாரம் ஜம்மென்று ஓடியது.

"வளையல்டி இது," என்றாள். "கரை பெட்டிய சுத்தி வருது. ஊக்கு ரெண்டு முனையையும் சேத்துடுது. முழுசா மூடின வெள்ளி வளையல். நான் கீழ இருந்து குடுக்கற சக்தி மேல போறதுக்குப் பதிலா இந்த வளையலுக்குள்ள பூந்து, சுத்திச் சுத்தி வந்து சூடாப் போய்க்கினு இருக்குது. மணிய புடிச்சிகினு இருந்தது இதுதான்."

"அப்ப நானா கரண்ட திருடிக்கினு இருந்தேன்?" என்று செங்கம்மா அழும் நிலைக்கு வந்துவிட்டாள்.

"நீங்க இல்ல. நம்ம சாரோட வெள்ளி."

யோசித்துப் பாருங்கள். கோவர்த்தனன் சார் கொஞ்சம் கஞ்சனாக இருந்து, பிளாஸ்டிக் ஜரிகைச் சால்வை வாங்கியிருந்தால் என்றைக்கோ மின்னல் அடித்திருக்கும். அவருடைய நேர்மைதான் எங்களுக்கு வினை. இதை அவரிடம் யார் சொல்வது? உங்கள் மரியாதையால்தான் மெஷின் படுத்தது என்று சம்பளம் கொடுக்கிறவரிடம் எப்படிச் சொல்வது? அபிகாயில் அவர் அறைக்குப் போனாள். அவர் போனில் இருந்தார். மறுபடி போனாள். கமிட்டிக்கு மதியம் சாம்பார் சாதமா பிரியாணியா என்று இவளையே கேட்டு அனுப்பிவிட்டார். ஜவுளிக்கடையில் ஒரு டூப்ளிகேட் வாங்கி மாற்றிவைத்துவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன். அவள் என்னை முறைத்த முறைப்பில் எனக்கே வெட்கமாகிவிட்டது.

"போன எடத்த மறைக்கறதுக்கா இத்தினி நாளா தேடுனேன்?" என்றாள்.

சரி, அன்றைக்குச் செங்கம்மா ஊக்குக் குத்த மாட்டாள், சால்வையும் கரை முட்டாமல் சும்மா தொங்கும் என்று முடிவாயிற்று. நல்ல முடிவுதான். ஆனால் கமிட்டி வந்த அன்று கோவர்த்தனன் சார் புத்தம்புதுச் சால்வை ஒன்றோடு வந்தார். நகரியிலிருந்து முந்தின நாள்தான் வந்ததாம். கரை மட்டும் ஒரு சாண் அகலம், முழுக்க வெள்ளி. ஊக்கையும் அவரே சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார். கமிட்டிக்காரர்களுக்குப் போர்த்தினார், முதல்வருக்குப் போர்த்தினார். கடைசியாக அந்தப் பெரிய சால்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, போட்டோக்காரனைப் பார்த்துச் சிரித்தபடி சுருளை நோக்கி நடந்தார். அறை போயிற்று, ஆராய்ச்சி போயிற்று என்று கணக்குப் போட்டுவிட்டேன்.

ஓரத்திலிருந்து அந்த முழங்கை நகர்ந்தது. அபிகாயில் வந்து அவருக்கும் சுருளுக்கும் நடுவில் நின்றாள்.

"சார், அதுக்கு வேணாம்."

"இன்னாம்மா?"

"மின்னல் எங்க போகுதுன்னு கண்டுபுடிச்சுட்டேன் சார். உங்க சால்வைலதான் போகுது. அசல் வெள்ளி, அதான். சுத்திப் போத்தி ஊக்குக் குத்துனா எல்லாத்தையும் அது உறிஞ்சிக்கிது." அவள் அத்தோடு நிறுத்தவில்லை. "ஒவ்வொரு தரமும் அதுக்குப் போத்தறீங்க. அது பொட்டி சார். அதுக்குத் தெரியாது. கட்டுனது நான். போத்தணும்னு இருந்தா எனக்குப் போத்துங்க."

கமிட்டித் தலைவர் தன் தோளில் கிடந்த ஜரிகையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். கோவர்த்தனன் சார் அசையவில்லை. சால்வையைப் பார்த்தார், சுருளைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவர் அவளை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நான் சத்தியம் செய்வேன். தறிக்காரர் பிள்ளை இல்லையா, நெய்தவர்கள் யார் என்று யாரும் கேட்காத துணிகளை நிறையப் பார்த்திருப்பார். அவர் முகம் வாடிவிட்டது.

"எனக்குத் தோணலியேம்மா," என்றார் மெதுவாக. "எங்க நைனா நெய்ஞ்ச புடவைய கட்டிகினவங்கதான் போட்டோல இருப்பாங்க. நைனாவ நான் ஒரு போட்டோலயும் பாத்ததில்ல."

பெண்பிள்ளைக்கு ஆண் போர்த்துவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அவர் திரும்பி, "செங்கம்மா, நீ போத்து," என்று சால்வையை நீட்டினார். செங்கம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, அபிகாயிலின் தோளில் போர்த்தினாள். போர்த்திவிட்டுப் பழக்கதோஷத்தில் ஊக்குக்கு வேறு கை நீட்டினாள்.

"ஊக்கு வேணாம்!" என்று நானும் அபிகாயிலும் ஒரே நேரத்தில் கத்தினோம். கமிட்டி சிரித்துவிட்டது.

அபிகாயில், யாரும் கிட்டே போகாமல் இருக்கச் சுருளைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் தள்ளி வந்து, சால்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சுவிட்சைப் போட்டாள். மின்னல் பாய்ந்தது. அன்றைக்கு இரண்டு முழத்தைத் தாண்டியிருக்கும் என்று நான் சொல்வேன், அவள் இல்லை என்பாள். எர்த் கம்பி நீலமாக அலறியது. தலைவர் எழுந்து நின்றுவிட்டார். கோவர்த்தனன் சார் தறி ஓடும் சத்தத்தைக் கேட்பவர்போல் தலையைச் சாய்த்து நின்றார். நான் அழுதேன், சும்மா சொல்லக்கூடாது.

அறை அவளுக்கே என்று அங்கேயே சொல்லிவிட்டார். ஏ.ஐ. லேபுக்கு எங்கள் ஸ்டாஃப் ரூமை எடுத்துக்கொண்டார்கள். நான் இப்போது சுருளுக்குப் பக்கத்தில் மேசை போட்டுப் பேப்பர் திருத்துகிறேன், கேட்பாரில்லை.

அன்று சாயந்திரம் பஸ்ஸில் அனல் வீசியது. அவள் சால்வையை எடுக்கவே இல்லை. கண்டக்டர், "ஏமண்டி மேடம், சன்மானமா?" என்று தெலுங்கில் கேட்டார். "அவுனண்டி," என்று ஆமாம் போட்டுக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டாள்.

"வேர்த்து ஊத்துது, கழட்டேன்டி," என்றேன்.

"மேடைய விட்டு எறங்கற வரிக்கும் கழட்டக் கூடாதாம். செங்கம்மாகிட்ட கேட்டுக்கோ."

இருட்டுவதற்குள் ஜாபேஸ் எனக்குப் போன் செய்தான். "இன்னா மேடம் நடந்துச்சு காலேஜுல? பாலு பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சிகினு கீது. இவ திரும்பிக்கூடப் பாக்கல. சால்வைய போத்திகினு கண்ணாடி முன்னாடி நின்னுகினு கீறா."

"தொந்தரவு பண்ணாத," என்றேன். "நீயே தொடச்சிடு."